பாம்பின் மேல் கருப்புப் புள்ளி: மைட் தொல்லையை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

கோழி வளர்த்த வீட்டுக்காரர்களுக்குச் செள்ளு தெரியும். அடைக்கூடையில் கையை விட்டால் முழங்கை வரை ஏறிவிடும், ராத்திரி முழுக்க அரிக்கும். பாம்பு மைட் அதற்குத் தூரத்துச் சொந்தம். அளவு சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். இரத்தம் குடிக்காதபோது வெளிறித் தெரியும், குடித்த பின் கருத்துப் பளபளக்கும். அறிவியல் பெயர் ஒஃபியோனிசஸ் நாட்ரிசிஸ். 'உண்ணி' என்று எழுதினால் பொய்கைச் சந்தையில் மாட்டின் காதில் தொங்குகிறதே, அதுதான் நினைவுக்கு வரும். அதனால் மைட் என்றே எழுதுகிறேன்.

காட்பாடியில் என் வீட்டில் ஒரு பால் பைத்தானும் (பந்து போல் சுருளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) இரண்டு கார்ன் ஸ்நேக்கும் (விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு) இருக்கின்றன. இரண்டாவது கார்ன் ஸ்நேக்கை வாங்கி வந்த அன்றே, ஆசையில், மற்ற பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். மூன்றாவது வாரம் மூன்று பெட்டியிலும் மைட். ஒழித்துக்கட்ட இரண்டு மாதம் ஆயிற்று. அதில் ஒரு மாதம் என் தப்பால் வீணானது. கீழே இருப்பதில் பாதி அந்த மாதத்தில் படித்த பாடம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது வெளிநாட்டு இனங்களை முறையாக வளர்ப்பவர்களுக்கு மட்டும். சாரை, மலைப்பாம்பு என்று நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. பால் பைத்தானும் சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் வரும் இனம் என்பதால், 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லையே என்று பயந்து டாக்டரிடம் போகாமல் வீட்டிலேயே கண்டதைத் தடவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாம்புக்கு அதைவிடக் கெட்ட காலம் வேறில்லை.

நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடக்கிறது

பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது இதுதான். ஆனால் மே மாதத்தில் வேலூரில் தண்ணீரில் கிடக்காத பாம்பு எது? அக்னி நட்சத்திரத்தில் நானே கிடப்பேன். அதனால் வெறும் முங்கலை வைத்து முடிவு கட்ட வேண்டாம். முதலில் பெட்டிக்குள் வெப்பமானியைப் பாருங்கள். குளிர்ந்த பக்கமே 32, 33 டிகிரி காட்டினால் அது வெயில் பிரச்சினை. பெட்டியை வீட்டின் தரைமட்ட அறைக்கு மாற்றுங்கள், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை ஆகாது. அடுத்து கண்ணைப் பாருங்கள். பால் கலந்த நீலமாக இருந்தால் சட்டை உரிக்கத் தயாராகிறது, விட்டுவிடலாம்.

இரண்டும் இல்லையென்றால் கிண்ணத்துத் தண்ணீரை ஒரு வெள்ளைத் தட்டில் மெதுவாகக் கொட்டுங்கள். அடியில் மிளகுத்தூள் தூவியது போல் கருப்புப் புள்ளிகள் கிடந்தால், அவற்றில் ஒன்றை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் வைத்து நகத்தால் நசுக்குங்கள். சிவப்பாகவோ பழுப்புச் சிவப்பாகவோ கறை படிந்தால் வேறு சாட்சி வேண்டாம். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் வெறும் பக்கம் இதற்கு நன்றாக உதவும், காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை.

உடம்பில் வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கிறது

கருமையான பாம்பில் இது முதலில் தெரியும். சுண்ணாம்பைத் தொட்ட கையால் தடவியது போல் செதில்மேல் வெள்ளைப் பொடி. அது மைட்டின் எச்சம். உரித்த சட்டையின் துணுக்காகவும் இருக்கலாம். ஆனால் துணுக்கு ஓரம் தூக்கி, ஜவ்வு மாதிரி இருக்கும், பொடியாக உதிராது. நனைத்த வெள்ளை டிஷ்யூவை உள்ளங்கையில் வைத்து, பாம்பை அதன் வழியே இரண்டு முறை தானாக ஊர்ந்து போக விடுங்கள். இறுக்கிப் பிடிக்க வேண்டாம். டிஷ்யூவில் புள்ளி நகர்ந்தால் மைட்.

கண்ணோரம் உப்பியிருக்கிறது

பாம்புக்கு இமை கிடையாது. கண்ணுக்கும் அதைச் சுற்றிய செதிலுக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடுக்கு உண்டு. மைட்டுக்கு அதுதான் சொகுசு அறை. முகவாய்க்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பள்ளம், பைத்தானின் உதட்டோரக் குழிகள், மலத்துவாரத்தின் மடிப்பு ஆகியவை அடுத்த இடங்கள். டார்ச் அடித்து, கைபேசியில் பெரிதாக்கிப் படம் எடுத்துப் பாருங்கள். வெறுங்கண்ணுக்குத் தப்பியது படத்தில் மாட்டும்.

கண்ணில் மங்கலாக ஒரு மூடி மட்டும் ஒட்டியிருந்து, புள்ளி எதுவும் இல்லையென்றால், போன முறை சட்டை உரிக்கும்போது கண்மூடி கழன்று வராமல் தங்கிவிட்டது என்று அர்த்தம். எது ஆனாலும் சரி, ஊக்கு, சாமணம், செல்லோடேப் எதையும் கண்ணருகே கொண்டு போகாதீர்கள். கண்ணே போய்விடும்.

பெட்டியில் பூச்சி ஓடுகிறது, பாம்பின் மேல் எதுவும் இல்லை

தேங்காய் நார்த்தூள் போட்டு வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் நிம்மதியாக இருங்கள், அநேகமாக இது மைட் தொல்லை இல்லை. ஈரமான நார்த்தூளில், மக்கும் பொருளைத் தின்கிற வெளிர் நிறப் பூச்சிகள் தானாக வரும். தொட்டால் துள்ளினால் அது ஸ்பிரிங்டெயில். மந்தமாக மண்ணிலேயே ஊர்ந்து, நசுக்கினால் சிவப்புக் கறை வராவிட்டால் அதுவும் பாம்பைக் கடிக்காத வகை. நார்த்தூளை மாற்றி ஈரத்தைக் குறைத்தால் போய்விடும். மருந்து வேண்டாம். என் நண்பர் ஒருவர் இந்த அப்பாவிப் பூச்சிகளுக்காகப் பாம்புக்கு மூன்று தடவை மருந்து துடைத்தார்.

உறுதியாகிவிட்டது, இன்று என்ன செய்வது

பயப்பட வேண்டாம், ஆனால் நாளைக்கு என்றும் தள்ள வேண்டாம். வீட்டில் எத்தனை பாம்பு இருக்கிறதோ அத்தனைக்கும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பார்த்ததில் ஒன்றும் தெரியவில்லை என்பது ஒரு கணக்கே இல்லை.

முதலில், காற்றுத் துளை போட்ட, வழவழப்பான பிளாஸ்டிக் டப்பா ஒன்று. உள்ளே செய்தித்தாள் அல்லது டிஷ்யூ, ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி, ஒரு கிண்ணம் தண்ணீர். அவ்வளவுதான். நார்த்தூள், மரக்கிளை, பிளாஸ்டிக் செடி எதுவும் கூடாது. அட்டையும் காகிதமும் தினமும் மாறும். பழையதை அப்படியே கவரில் போட்டு முடிச்சிட்டு, அன்றைக்கே வீட்டை விட்டு வெளியேற்ற வேண்டும். சமையலறைக் குப்பைத்தொட்டியில் போட்டு இரண்டு நாள் வைத்திருந்தால் மைட் நடந்தே திரும்பி வந்துவிடும்.

அந்தக் காலத்தில் எறும்பு ஏறாமல் இருக்க அலமாரியின் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பார்களே, அதே வித்தை இங்கேயும் எடுபடும். டப்பாவை ஒரு பெரிய தாம்பாளத்தில் வைத்து, சுற்றிலும் ஒரு விரற்கடைத் தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. சோப்பு கலந்தால் மைட் மேலே மிதக்காது, மூழ்கிவிடும். இது டப்பாவுக்கு வெளியே இருக்கும் தண்ணீருக்கு மட்டும். பாம்பு குடிக்கும் தண்ணீரில் சோப்பு கலக்கக் கூடாது.

பிறகு பாம்பைக் குளிப்பாட்டுங்கள். 28 முதல் 30 டிகிரி வெதுவெதுப்பில், பாம்பு தலையைச் சுலபமாகத் தூக்கிக்கொள்ளும் ஆழத்தில், 20 நிமிடம். பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள், சோர்ந்த பாம்பு மூழ்கிப் போகும். மதிய நேரத்தில் மாடித் தொட்டித் தண்ணீரைத் திறந்து அப்படியே விட்டுவிடாதீர்கள். கோடையில் நம் ஊர்க் குழாயில் வருவது பாதி வெந்நீர். வெப்பமானி வைத்துப் பார்த்த பிறகே பாம்பு உள்ளே போக வேண்டும். குளிக்கும்போது பிழைத்த மைட்டெல்லாம் தண்ணீருக்கு மேலே இருக்கும் தலைக்கு ஓடும், ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்து எடுங்கள். குளியல் மட்டுமே வைத்தியம் ஆகாது. ஆனால் கூட்டம் குறையும், மருந்துக்கு வேலை சுலபமாகும்.

இப்போது பழைய பெட்டி. நான் சறுக்கிய இடம் இதுதான். பாம்பைத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினேன், பெட்டியை மேலாக ஒரு துடை துடைத்தேன். உண்மையில் நேரத்தில் முக்கால் பங்கு பெட்டிக்குத்தான் போக வேண்டும். உள்ளே இருந்ததையெல்லாம் கொட்டிவிடுங்கள். மரச்சாமானில் ஆசை வைக்காதீர்கள், அதன் விரிசலுக்குள் கை போகாது. பெட்டியைச் சோப்புப் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் மூலை, கீல், மூடியின் விளிம்பு, வயர் போகும் துளை என்று தேய்த்து, 60 டிகிரி வெந்நீர் ஊற்றுங்கள். கண்ணாடித் தொட்டி என்றால் கொதிநீரைச் சட்டென்று ஊற்றினால் விரிசல் விடும், படிப்படியாகச் சூடேற்றுங்கள். அலமாரியும் சுவரும் சேரும் இடுக்கு, அலமாரித் தட்டின் அடிப்பக்கம், தரைவிரிப்பு எல்லாவற்றையும் வேக்கும் கிளீனரால் உறிஞ்சி, அதன் பையையும் உடனே அப்புறப்படுத்துங்கள்.

பினாயில், டெட்டால் வேண்டாம். வீட்டுத் தரைக்குப் பழகிய அந்த வாசனை பாம்புக்கு நஞ்சு. கழுவிய பெட்டியில் வாசனை தங்கினாலே அது சரியாக அலசப்படவில்லை.

வேலூர்க்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு, வெயில். 50 டிகிரியைத் தாண்டினால் மைட்டும் பிழைக்காது, முட்டையும் பிழைக்காது. கழுவிய காலிப் பெட்டியைக் கருப்புக் குப்பைப் பையில் கட்டி, கூடவே ஒரு வெப்பமானியும் போட்டு, மொட்டை மாடியில் இரண்டு மதியம் வையுங்கள். சித்திரை, வைகாசியில் உள்ளே 50 தாண்டுவதை நீங்களே பார்ப்பீர்கள். ஐப்பசி மழையில் இது நடக்காது, அப்போது வெந்நீர்தான் கதி. சொல்லவே வேண்டாம், இருந்தாலும் சொல்கிறேன்: காலிப் பெட்டியைத்தான், பாம்பை அல்ல.

எந்த மருந்து, எது கூடாது

மைட்டைவிட எனக்கு மருந்தின் மேல்தான் பயம் அதிகம். மைட் கடித்துப் பாம்பு சாக வாரக்கணக்கில் ஆகும், தப்பான மருந்துக்கு ஒரு மணி நேரம் போதும்.

கால்நடை மருத்துவர்கள் பரவலாகச் சொல்வது, நாய் பூனைக்கு விற்கும் 0.25 சதவீத ஃபிப்ரோனில் ஸ்ப்ரே. இதைப் பாம்பின் மேல் நேராக அடிக்கக் கூடாது. வீட்டுக்கு வெளியே நின்று, கையுறை போட்டு, துணியில் அடித்து, அந்தத் துணியால் உடம்பை மெலிதாகத் துடைக்க வேண்டும். தலைக்குத் துணியின் ஓரம் மட்டும், கண்ணிலும் வாயிலும் படவே கூடாது. ஐந்து நிமிடத்தில் வெதுவெதுப்பான நீரில் கழுவிவிட வேண்டும். அந்த ஸ்ப்ரேயில் ஆல்கஹால் உண்டு. குட்டிப் பாம்பு, மெலிந்த பாம்பு, சட்டை உரிக்கப் போகும் பாம்பு ஆகியவற்றுக்கு டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள். மற்றதற்கும் கேட்டுவிட்டே செய்யுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை உங்கள் பாம்பைப் பார்த்து அவர்தான் சொல்ல வேண்டும். 7 முதல் 14 நாள் இடைவெளி வழக்கம்.

அதே ஃபிப்ரோனில் பெயரில் இன்னும் இரண்டு சரக்கு கிடைக்கும், ஏமாந்துவிடாதீர்கள். நாயின் பிடரியில் சொட்டுவிடும் குப்பியில் இருப்பது 9.7 சதவீதம், அதாவது ஸ்ப்ரேயைப் போல் கிட்டத்தட்ட 39 மடங்கு. உரக்கடையில் நெல்லின் குருத்துப்பூச்சிக்குத் தருவது 5 சதவீதம், 20 மடங்கு. 'தண்ணீர் கலந்தால் ஒன்றுதானே' என்று என் அத்தை மகன் கேட்டான். ஒன்றில்லை. பயிருக்குச் செய்த மருந்தில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்பது பாம்பின் தோலை நினைத்து முடிவானதல்ல.

அடுத்தது ஐவர்மெக்டின். டாக்டர் கையில் நல்ல மருந்து, நம் கையில் ஆபத்து. வழக்கமான அளவு ஒரு கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம். மாட்டுக்குப் போடும் ஊசி மருந்து ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம். ஒரு கிலோ 200 கிராம் எடையுள்ள பால் பைத்தானுக்கு வேண்டியது 0.024 மில்லி, அதாவது அரைச் சொட்டு. கை நடுங்கி ஒரு முழுச் சொட்டு போனால் அளவு இரட்டிப்பாகிவிடும். இதை வீட்டில் அளக்க முடியும் என்று நினைப்பவர் அளக்காமல் இருப்பதே நல்லது. வீட்டில் ஆமை இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: ஐவர்மெக்டின் ஆமையைக் கொன்றுவிடும். தொட்டியில் ரெட் இயர்ட் ஸ்லைடர் வளர்ப்பவர்கள் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

கூடவே கூடாதவை: மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணி போக ஊற்றும் டெல்டாமெத்ரின், அமிட்ராஸ்; கரப்பான் ஸ்ப்ரே, எறும்புச் சாக்பீஸ், கொசுவர்த்தி, அந்துருண்டை, கற்பூரம், மண்ணெண்ணெய், புகையிலைத் தண்ணீர். வேப்பெண்ணெய் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். இயற்கை மருந்தாயிற்றே என்கிறார்கள். புகையிலையும் இயற்கைதான். எண்ணெய் தடவினால் கொஞ்சம் மைட் மூச்சுமுட்டிச் சாகும், உண்மை. ஆனால் பெட்டியில் இருக்கும் முட்டைக்கு ஒன்றும் ஆகாது, பாம்பின் மேல் பிசுபிசுப்பு நிற்கும், அதில் அழுக்கு ஒட்டும். நான் செய்வதில்லை.

வேலூரில் நாய், மாடு பார்க்கும் டாக்டர்களுக்குக் குறைவில்லை, பாம்பைத் தொட்டுப் பார்ப்பவர்தான் குறைவு. போவதற்கு முன் போனில் கேட்டுவிடுங்கள். கிடைக்காவிட்டால் காட்பாடியில் ரயிலேறி, சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். பாம்பைத் துணிப்பையில் கட்டி, அந்தப் பையைக் காற்றுத் துளையுள்ள டப்பாவில் வைத்துக் கொண்டுபோங்கள். துல்லியமான எடையும் எடுத்துக்கொண்டு போங்கள், மருந்தின் அளவு அதில்தான் நிற்கிறது.

எல்லாம் செய்தேன், பத்து நாளில் திரும்பி வந்துவிட்டது

வந்தது புதிது இல்லை, போகாததுதான். நீங்கள் கொன்றது பாம்பின் மேல் இருந்ததை. பெண் மைட் முட்டையிடப் பாம்பை விட்டு இறங்கி, இருட்டும் ஈரமும் உள்ள இடுக்கைத் தேடிப் போகும். வாழ்நாளில் 60 முதல் 80 முட்டை இடும். சில நாளில் குஞ்சு பொரியும். அந்தக் குஞ்சு வெள்ளையாக இருக்கும், எதுவும் தின்னாது, பாம்பின் மேலும் ஏறாது. அடுத்த பருவத்தில்தான் இரத்தம் தேடிக் கிளம்பும். 25 டிகிரியில் முட்டையிலிருந்து முட்டையிடும் வரை சுமார் 13 முதல் 19 நாள். நம் ஊர்ச் சூட்டில் இன்னும் சீக்கிரம். அதனால் முதல் துடைப்புக்குப் பிறகு கிடைக்கும் அந்த ஒரு வார நிம்மதி பொய்யானது. என் வீணான மாதம் இப்படித்தான் போனது: பத்தாம் நாள் ஒன்றும் தெரியவில்லை என்று நார்த்தூளைத் திரும்பப் போட்டேன், அலமாரி இடுக்கில் இருந்ததெல்லாம் விருந்துக்கு வந்துவிட்டது.

காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் சொன்ன இடைவெளியில் மருந்து. மருந்தன்று பெட்டிச் சுத்தமும். நடுநாட்களில் காகிதம் மாற்றுவது, தண்ணீரைத் தட்டில் கொட்டிப் பார்ப்பது. எல்லாப் பாம்புக்கும் ஒரே நாளில். ஒன்றுக்கு ஞாயிறு, இன்னொன்றுக்கு வியாழன் என்று வைத்தால் மைட் இங்கும் அங்கும் குடிமாறிக்கொண்டே இருக்கும்.

மைட்டுக்கு ஈரம் வேண்டும், வறண்ட பெட்டியில் திண்டாடும். ஆனால் அதற்காக வாரக்கணக்கில் காயப்போட்டால் பால் பைத்தானுக்குச் சட்டை சரியாக உரியாது. காகிதம் உலர்ந்திருக்கட்டும், கிண்ணத்தில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும், அது போதும்.

மருந்துக்குப் பிறகு தலை சாய்கிறது, நடுங்குகிறது, மல்லாந்தால் திரும்ப முடியவில்லை

விஷம் ஏறியிருக்கிறது. காத்திருந்து பார்க்கிற விஷயமல்ல. வெதுவெதுப்பான ஓடும் நீரில் உடம்பைக் கழுவி, மருந்து வாசனை இல்லாத, காற்றோட்டமான சுத்தமான டப்பாவுக்கு மாற்றி, டாக்டரைக் கூப்பிடுங்கள். எண்ணெய், பால், எலுமிச்சை என்று வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மருந்துப் பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள். என்ன தடவினீர்கள் என்று மறைக்காதீர்கள், கற்பூரமாகவே இருந்தாலும்.

சுருண்டு கிடக்கிறது, வாய்க்குள் வெளிறியிருக்கிறது

வாயின் உட்புறம் இளஞ்சிவப்பாக இல்லாமல் சாம்பல் வெள்ளையாக இருந்தால் இரத்தம் குறைந்துவிட்டது. குட்டிகளுக்கு இது வேகமாக வரும். மூக்கில் நுரை, வாயைத் திறந்து மூச்சு, வயிற்றுச் செதிலில் கொப்புளம் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அதே கணக்கு. கிருமியை ஒரு பாம்பிலிருந்து இன்னொன்றுக்கு மைட் கொண்டுபோகும் என்று நெடுநாளாகவே சந்தேகம் உண்டு. இந்த நிலையில் வீட்டில் மருந்து துடைக்காதீர்கள், நேராக டாக்டர்.

சாப்பிடவில்லை, சட்டை துண்டு துண்டாக வருகிறது

மைட் அரிப்பில் இரண்டும் நடக்கும், தொல்லை தீர்ந்தால் தானே சரியாகும். மார்கழி, தையில் பால் பைத்தான் பட்டினி கிடப்பது அதன் சுபாவம், அதற்கு மைட்டைக் குறை சொல்ல வேண்டாம். மருந்து துடைத்த அன்று இரை கொடுக்க வேண்டாம்.

எனக்கே அரிக்கிறது

கடிக்கும், சிவப்பாகத் தடிக்கும், ஆனால் மனித உடம்பில் குடும்பம் நடத்தாது. துணியை வெந்நீரில் துவையுங்கள். பாம்பைத் தொட்ட சட்டையோடு இன்னொருவர் வீட்டுப் பாம்பைப் பார்க்கப் போகாதீர்கள். மைட் ஊர் மாறுவது அநேகமாக அப்படித்தான்.

எப்போது பழைய பெட்டிக்கு மாற்றலாம்

கடைசிப் புள்ளியைப் பார்த்த நாளிலிருந்து ஆறு வாரம் காகிதம்தான். அதற்குள் ஒரே ஒரு மைட் தெரிந்தாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. ஆறு வாரம் சுத்தமாகப் போனால் முதலில் கிளையையும் ஒளிவிடத்தையும் வையுங்கள், நார்த்தூள் அதற்கும் இரண்டு வாரம் கழித்து. புதுப் பாம்பு வாங்கினால் 90 நாள் வேறு அறையில், வேறு கிண்ணம், வேறு துணி. தினமும் பழைய பாம்புகளைக் கவனித்த பிறகே புதியது. இப்போது என் வீட்டில் அந்த அறை அம்மாவின் தையல் அறை. துணிக்கு நடுவில் எப்போதும் ஒரு வெள்ளை டிஷ்யூ கிடக்கும்.